அவள் பெயரில் வந்த கடிதம்

பிஸ்கட் ஃபேக்டரியில் அவளை எல்லோரும் செக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாக்கெட்டுகள் வரிசையாக ஓடிவரும் பெல்ட்டின் கடைசியில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவள். சீல் பிரிந்தது, தேதி அடிக்காதது, லேபிள் கோணலாக உட்கார்ந்தது எதுவும் அவள் கையைத் தாண்டி வெளியே போனது கிடையாது. ஒருமுறை லேபிள் தீர்ந்துபோய்விட்டதென்று ஒரு பெண் வேறொரு ரகத்தின் லேபிளை எடுத்து ஒட்டிவிட்டாள். செக்கர் அக்கா அந்தப் பெண்ணை ஷிஃப்ட் முடியும்வரை திட்டினாள். "லேபிள் பொய் சொல்லிச்சுன்னா திங்கறவனுக்கு யாருடி பதில் சொல்றது?" என்று கேட்டு, மறுநாளே அட்டைப்பெட்டி மடிக்கிற பகுதிக்குத் துரத்திவிட்டாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் மின்சார பில்லையும் கல்யாணப் பத்திரிகையையும் ஒரே டிராயரில் திணித்துவிட்டு ரெண்டையும் காணோம் என்று தேடுகிற ரகம். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. வேலையில் சுத்தம், வீட்டில் சொதப்பல். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் தலையில் அடித்துக்கொண்ட கணக்கை எழுதினால் ஒரு நோட்டு போதாது.

அந்த வீட்டுக்குத்தான் சுகாதார நிலையத்திலிருந்து ரெண்டு உறைகள் வந்தன. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்களாம். அவர் பெயருக்கு ஒன்று, அவள் பெயருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பச்சை மூடி போட்டு உள்ளே கொஞ்சம் தண்ணீர் மாதிரி ஊற்றிவைத்த ஒரு குட்டிக் குழாய், கழிவறைக் கோப்பையில் விரித்துக்கொள்ள ஒரு காகிதம், படம் போட்ட ஒரு தாள். மூடியைத் திறந்தால் அதோடு ஒட்டிய குச்சி ஒன்று வரும். அதன் நுனியில் பல்பல்லாக வெட்டியிருக்கும். மலத்தில் நாலைந்து இடத்தில் அதை லேசாகத் தொட்டு, பல் நிறைந்ததும் குழாய்க்குள் இறக்கி மூடி, தேதி எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல் தேய்க்கிற நேரம்கூட ஆகாத வேலை.

தாளை வாசித்ததும் செக்கர் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. தனக்காக அல்ல, அவருக்காக. அவருடைய அண்ணன் போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் குடலில் கட்டி வந்து போய்ச்சேர்ந்தார். மலையைப் புரட்டுகிற மாதிரி இருந்த மனிதர். ரத்தசோகை, களைப்பு என்று ஒரு வருஷம் சத்து மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். அதே அம்மா வயிற்றில் அடுத்துப் பிறந்தவர் இவர். ஃபேக்டரிக் கணக்கில் சொன்னால் ஒரே மாவு, ஒரே அடுப்பு, ஒரே பேட்ச். ஒரு பேட்ச்சில் ஒன்று கெட்டால் மற்றதை நிறுத்திவைத்துப் பார்ப்பதுதான் அவள் தொழில்.

அவளுடைய பேட்ச் வேறு. அவள் அப்பா தொண்ணூறு வயதில் பல்லோடு போனவர். அதனால் தன் உறையை மின்சார மீட்டருக்கு மேலே சொருகிவிட்டு, அவருடைய உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"என்னங்க, நாளைக்குக் காலையில இதைப் பண்ணிடுங்க."

"பண்ணிடலாம்."

அந்த "பண்ணிடலாம்" ஐந்து வாரம் ஓடியது. திங்கட்கிழமை அவசரம். செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமை வந்துவிட்டது, ஆனால் காகிதம் விரிக்க மறந்துவிட்டது. ஒருநாள் காகிதம் விரித்தார், கண்ணாடியைப் போட மறந்துவிட்டாராம், குச்சியில் பல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையாம். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனிதர் சொல்கிற சாக்கு இது! அவளுக்குக் காது வழியாகப் புகை வராத குறை.

"இங்க பாரு, நான் தினமும் பாத்துட்டுதான் வர்றேன். ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் சுத்தமா இருக்கு."

"கண்ணுக்குத் தெரிஞ்சா அவங்க எதுக்குக் குழாய் அனுப்பறாங்க? உங்க கடைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்றீங்க? 'உங்களுக்கு நல்லாத் தெரியுதுன்னு நீங்க நினைக்கறீங்க, போர்டைப் படிங்க பாப்போம்'னுதானே? கடைசி வரியைப் படிக்க முடியாம முழிக்கறாங்கல்ல? அதே கதைதான் இது!"

"அது கண்ணு. இது வேற."

"வேறதான். இதுல கோட்டை விட்டா கண்ணாடி போட்டுச் சரி பண்ண முடியாது."

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சொல்ல ஒன்றும் இல்லாதபோது அவருக்கு உலகச் செய்தியில் திடீரென்று அக்கறை பிறந்துவிடும்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வெளியே வந்தார். "இந்தா, முடிஞ்சது. இனிமே என் உயிரை வாங்காதே."

அவள் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொழில் பழக்கம். அடியிலிருந்து மூடிவரைக்கும் திணித்திருந்தார்.

"உள்ள இருந்த தண்ணி எங்க?"

"ஏதோ தண்ணி தேங்கியிருந்துச்சு. கழுவி ஊத்திட்டுப் போட்டேன்."

"அது தேங்கின தண்ணியா? அதுலதான் டெஸ்டே! தொட்டு எடுங்கன்னு படம் போட்டிருக்கான், நீங்க ஊறுகாய் ஜாடி ரொப்பற மாதிரி ரொப்பி வெச்சிருக்கீங்களே!"

"கொஞ்சமாக் கொடுத்தா நல்லா இருக்காதேன்னு..."

"இதென்ன விருந்தா, பாத்துப் பாத்துப் பரிமாற?"

அவள் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது இப்படி நாசமாய்ப் போனதே என்று அழுகையே வந்துவிட்டது. சுகாதார நிலையத்துக்குப் போய் இன்னொரு குழாய் கேட்டால் தருவார்கள்தான். ஆனால் அதற்கு ஒருநாள் லீவு, அரைநாள் வரிசை. அதற்குள் இந்த ஆளுடைய மனசு மாறிவிடும். இன்றைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், சூட்டோடு சூடாக முடித்துவிட வேண்டும். அப்போதுதான் மீட்டருக்கு மேலே சொருகியிருந்த தன் உறை கண்ணில் பட்டது.

அதைப் பிரித்தாள். குழாயின் மேல் அவள் பெயர் அச்சடித்த லேபிள். ஃபேக்டரிப் பையிலிருந்து ஒரு வெள்ளை ஸ்டிக்கரை எடுத்துத் தன் பெயரின் மேல் மட்டும் சுருக்கம் விழாமல் ஒட்டி, அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். கீழே கோடுகோடாக இருந்த பட்டையை மறைக்காமல் கவனமாக விட்டாள். அதை மறைத்தால் மிஷின் படிக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. மறுநாள் காலை கழிவறை வாசலிலேயே நின்று, உள்ளே இருந்தவருக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிச்சொல்லிச் செய்யவைத்தாள். "நாலு இடத்துல தொட்டீங்களா? தொட்டாப் போதும், தோண்டாதீங்க! மூடிட்டீங்களா? டக்குனு சத்தம் கேட்டுச்சா?" பக்கத்து வீட்டுக்காரம்மா மாடியில் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால் கேட்கட்டும். தேதியை அவளே எழுதி, வேலைக்குப் போகிற வழியில் சுகாதார நிலையத்துப் பெட்டியில் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. "உங்கள் மாதிரியில் மறைந்த ரத்தம் காணப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைக்கிறோம்." மேலே அவள் பெயர்.

"பாத்தீங்களா, பேரை மாத்தி அனுப்பியிருக்காங்க. ஒட்டின ஸ்டிக்கரைக்கூட ஒழுங்காப் படிக்கத் தெரியல. எங்க ஃபேக்டரியா இருந்தா சீட்டைக் கிழிச்சிருப்போம்" என்று சிரித்தாள். யார் பெயரில் வந்தால் என்ன, யாருடையது என்று வீட்டில் ரெண்டு பேருக்கும் தெரியும். அவருக்கு ஒன்றும் இல்லை! அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அண்ணன் போனதிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. அவளுடைய சோதனை? ஒரே சமையல், ஒரே தண்ணீர், ஒரே வீடு. ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து நன்றாக இருந்தால் பெட்டியையே அனுப்பிவிடுவதில்லையா? அவ்வளவுதான்.

ஒரு மாதம் போயிற்று. அவர் பெயருக்கு இன்னொரு கடிதம் வந்தது. "நீங்கள் இன்னும் மாதிரியை அனுப்பவில்லை. தயவுசெய்து உடனே அனுப்பவும்."

செக்கர் அக்காவுக்கு வந்த கோபத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அனுப்பவில்லையாமே! ஆறு வாரம் அவள் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? ஒருநாள் லீவு போட்டு, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த கடிதத்தையும் புதுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஒரு மணிநேரம் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் ரெண்டையும் மேஜையில் வீசாத குறையாக வைத்தாள்.

"என்னம்மா இது? ரிசல்ட்டும் அனுப்பறீங்க, அனுப்பலைன்னும் எழுதறீங்க. எங்களைப் பாத்தா வேலைவெட்டி இல்லாதவங்க மாதிரி இருக்கா?"

நர்ஸ் அவளைவிடச் சின்னவள், காலையிலிருந்து நூறு பேருக்குப் பதில் சொல்லிச் சலித்தவள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "உங்க கணவர் பேர்ல போன குழாய் இங்க வரலையே. உங்க குழாய்தான் வந்திருக்கு. அதுக்குத்தான் ரிசல்ட்."

"அது என்னோடது இல்லம்மா, அவரோடது. அவர் குழாய் பாழாப்போச்சு. என் குழாயில போட்டுக் கொடுத்தோம். பேரைக்கூட மாத்தி ஒட்டினேனே!"

நர்ஸின் கை நின்றது. "பேரை யாரும்மா படிக்கறாங்க? மிஷின் அந்தக் கோட்டைத்தான் படிக்கும். கோடு உங்களோடது. இப்ப உங்க பேர்ல, உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு பதிஞ்சிருக்கு. அது உங்க சாம்பிளே இல்ல. சரி, உங்க சாம்பிள் எங்க?"

"எனக்கெதுக்கு? வீட்டுல அவரை நினைச்சுத்தான் பயம். அவங்க அண்ணனுக்கு வந்திருக்கு. எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது. அவருக்கே ஒண்ணும் இல்லைன்னா..."

"அவருக்கு இல்லைன்னா உங்களுக்கு எப்படிம்மா இல்லாம போகும்? அவர் கண்ணு டெஸ்ட் பண்ணா உங்களுக்குக் கண்ணாடி தருவாங்களா? இது வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்குக் குடும்பத்துல யாருக்குமே இருக்காது. இன்னைக்கு நீங்க சண்டை போட வரலைன்னா, உங்களை ரெண்டு வருஷத்துக்கு யாரும் கூப்பிட்டே இருக்க மாட்டோம்."

பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். லேபிளை மாற்றி ஒட்டிய பெண்ணின் முகம் செக்கர் அக்காவுக்கு நினைவு வந்தது. காது மடல் சுட்டது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள அவள் அன்றைக்குத் தயாராக இல்லை. பதிவைத் திருத்த வேண்டுமென்றால் ரெண்டு பேரும் புதிதாகக் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி நர்ஸ் ரெண்டு குழாய்களை நீட்டினாள். "ஸ்டிக்கர் கிக்கர் ஒட்டாதீங்க" என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் துள்ளிக் குதித்தார். "மறுபடியுமா? ஒருதடவை பண்ணதே பெரிய விஷயம்! நான் பண்ண மாட்டேன்."

"ஒரு நிமிஷ வேலைங்க."

"ஒரு நிமிஷ வேலைன்னா நீ பண்ணு முதல்ல. நீ கொடு, அப்புறம் நான் கொடுக்கறேன். அதுவரைக்கும் தொடக்கூட மாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லங்க!"

"எப்படித் தெரியும்? பாத்தியா?"

"தினமும் பாக்கறேன், சுத்தமாத்தான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பது தெரிந்தது. நாலு நாள் அவள் பேசவில்லை. அவரும் மசியவில்லை. பிடிவாதம் பிடிப்பதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஐந்தாம் நாள் காலையில், ஷிஃப்ட்டுக்குப் போகிற அவசரத்தில், வேண்டாவெறுப்பாக, இந்த மனுஷனைப் பண்ணவைக்க வேறு வழியே இல்லை என்பதற்காக மட்டும் அவள் தன்னுடையதைச் செய்தாள். தேதி எழுதினாள். அவர் முன்னால் குழாயை ஆட்டிக் காட்டினாள். "போதுமா? இப்பப் பண்ணுங்க." அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரெண்டு குழாயும் ஒன்றாகப் போயின.

பத்து நாளில் அவருக்குக் கடிதம் வந்தது. ஒன்றும் இல்லை. அவளுக்குக் கடிதம் வரவில்லை. போன் வந்தது. அதே நர்ஸ். இப்போது குரலில் சலிப்பு இல்லை.

"உங்க சாம்பிள்ல ரத்தம் இருக்கும்மா. பயப்படாதீங்க. மூலம் இருந்தாலும் வரும், புண் இருந்தாலும் வரும். எங்கேருந்து வருதுன்னு உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். புதன்கிழமை வாங்க."

அவள் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று போனைக் கேட்டாள். பாக்கெட்டுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எதையும் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக.

வீட்டில் சொன்னபோது பேசியதெல்லாம் அவள்தான். இந்த வாரம் ஆள் குறைவு, லீவு கிடைக்காது. மூலமாகத்தான் இருக்கும், நின்று நின்று வேலை பார்க்கிறவளுக்கு மூலம் வராமல் என்ன வரும்? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அவர் பேப்பரை எடுக்கவில்லை. அவள் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "பண்ணிடலாம்னு சொல்லிச் சொல்லி நான் ஆறு வாரம் ஓட்டினேன். உனக்கு ஒருநாள்கூடத் தர மாட்டேன்" என்றார். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் குடலைச் சுத்தம் பண்ணுகிற மருந்துத் தண்ணீரைக் கால்மணிக்கு ஒருதரம் அளந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் குமட்டிக்கொண்டே அவரைத் திட்டினாள். கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து திட்டினாள். அவர் பதிலுக்குத் திட்டாமல் அடுத்த டம்ளரை நீட்டினார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ரெண்டு கட்டி இருந்தது. ஒன்று மிளகு அளவு. இன்னொன்று சுண்டுவிரல் நுனி அளவு. ரெண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னாள்: "பெரியதோட நுனியில புற்றா மாற ஆரம்பிச்சிருந்தது. ஆனா காம்போட எடுத்தாச்சு, அடியில பரவல. ஒரு வருஷத்துல மறுபடி பாத்துக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க."

செக்கர் அக்கா பையிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்தாள். எதற்கு எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "இதை நம்பி ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா?"

டாக்டரம்மா கடிதத்தைப் பார்த்தாள். அவள் பெயரைப் பார்த்தாள். "அப்ப நான் இப்படிச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மிஷின் மேல் இல்லை, நர்ஸ் மேல் இல்லை, தன் மேல்தான். ஊரான் வீட்டுப் பிஸ்கட்டுக்குக் காட்டின அக்கறையைத் தன் உடம்புக்குக் காட்டவில்லை. தன் கையாலேயே தன் பெயரை மறைத்து ஒட்டியிருக்கிறாள், அதுவும் சுருக்கம் விழாமல். இந்த மனிதர் அந்தத் தண்ணீரைக் கொட்டியதும், அப்புறம் முரண்டு பிடித்ததும்தான் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. இதை வாய்விட்டுச் சொன்னால் இந்த ஆள் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். அது தெரிந்தும் சொன்னாள்.

"நீங்க அடம் பிடிக்கலைன்னா நான் பண்ணியே இருக்க மாட்டேங்க."

அவர் சொல்லிக்காட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணனுக்கு அப்புறம் அந்தக் குழாயைத் தொடவே எனக்குப் பயமா இருந்துச்சு. எனக்கு இருந்துட்டா நீ என்ன பண்ணுவேன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உனக்கு இருக்கும்னு ஒருநாள்கூட நினைக்கல."

"நானும்தான் நினைக்கல" என்றாள்.

பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி, ஜன்னலோர இடத்தை அவளுக்குப் பிடித்துவைத்தார்.